மடவையின் செவுளும் தூத்துக்குடியின் கனநீரும்

பழவேற்காடு ஏரியின் நீருக்கு ஆண்டு முழுவதும் ஒரே சுவை கிடையாது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த மார்கழியில், ஆரணியாறு வந்து கலக்கும் பக்கத்தில் கையில் அள்ளிய நீர் ஏறக்குறைய நன்னீராகவே இருக்கும். சித்திரையில் அதே இடத்தில் கடலின் கரிப்பு ஏறிவிடுகிறது. முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோய், வெயில் நீரை உறிஞ்சிக்கொண்டே இருந்தால், கத்திரி முடிவதற்குள் ஏரி கடலை விடவும் உப்பாகிவிடும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. இந்த ஏரியிலோ அந்த அளவு, ஏறத்தாழ ஒன்றுமில்லாத நிலையிலிருந்து 35-ஐத் தாண்டியும் போய், மறுபடி கீழே இறங்கி வருகிறது. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இதுதான். ஆனால், சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவே. அதனால் மழையும் வெயிலும் இதை மிக விரைவில் வேறொன்றாக மாற்றிவிடுகின்றன.

இந்த ஏற்ற இறக்கத்தோடு பழகியதுதான் கரையோரக் குப்பங்களின் வாழ்க்கை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில், எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ என்னும் ஏற்பாடு தலைமுறைகளாக இருந்துவருகிறது. ஆய்வாளர்கள் பலர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். பாட்டில் கிடைக்கும் பொருள்களில் முதன்மையானது இறால். அது கடலில் முட்டையிடும். குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளரும். வழி அடைபட்டால் வரவும் அடைபடும். முகத்துவாரத்தை நிரந்தரமாகத் திறந்துவைக்க வேண்டும் என்று இவ்வூர் மக்கள் கேட்பதன் முதற்காரணம் இதுவே. படகு கடலுக்குள் போய்வர வழி வேண்டும் என்பது அடுத்த காரணம். மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். பழவேற்காட்டுக்கு எப்போதாவது போவேன். ஒருமுறை கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், நான் ஆசிரியர் என்பதைக் கேட்டுக்கொண்டு, “தண்ணி இவ்ளோ உப்பாயிட்டாலும் மடவைக்கு ஒண்ணும் ஆவறதில்லையே, அது எப்படி சார்?” என்றார். பாடப்புத்தகத்தில் இருக்கும் பதிலைச் சொன்னேன். மீனின் செவுளில் உப்பை வெளியேற்றும் உயிரணுக்கள் இருக்கின்றன என்ற அந்தப் பதில் சரியானதுதான். ஆனால், அவருடைய கேள்வியின் ஆழத்துக்கு அது போதாது. செவுளின் உயிரணுவுக்குள் இன்னும் ஒரு படி இறங்கினால், உயிரியலும் இயற்பியலும் இன்றும் வழக்காடிக்கொண்டிருக்கும் ஓர் இடத்துக்கு வந்து சேர்கிறோம்.

மீனின் இரத்தத்தில் உள்ள உப்பு, கடல்நீரில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. நன்னீரில் நிற்கும் மீனுக்குள் தண்ணீர் தானாகப் புகும். உப்பு தானாகக் கசிந்து வெளியேறும். கடல்நீரில் இது தலைகீழ்: தண்ணீர் வெளியேறும், உப்பு உள்ளே நுழையும். மடவை, கொடுவா போன்ற மீன்கள் இரண்டு நிலைக்கும் ஆயத்தமாக இருக்க வேண்டியவை. விலாங்கின் செவுளில் உப்பை வெளியேற்றும் தனிவகை உயிரணுக்கள் இருப்பதை 1932-இல் அன்செல் கீஸும் வில்மரும் காட்டினார்கள். (அதே கீஸ்தான் பின்னாளில் உணவுக் கொழுப்பையும் இதயநோயையும் இணைத்துப் பேசி, உலகத்தின் சமையலறைகளில் கொலஸ்ட்ரால் என்ற சொல்லை நுழைத்தவர். செவுளை ஆராய்ந்தவர் கொழுப்புக்குப் போனது தற்செயல்தான். ஆனால், செவுளின் கதையே பின்னர் கொழுப்புக்கு வந்து சேர்ந்தது.) அந்த உயிரணுக்களுக்கு உந்துசக்தி தருவது, சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் ஒரு புரதப் பம்பு. அதை 1957-இல் டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கௌ கண்டறிந்தது கரையோர நண்டின் கால் நரம்பில்! அதற்காக 1997-இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இந்தப் பம்பு எங்கே பொருத்தப்பட்டிருக்கிறது என்பதில்தான் நம் விஷயம் இருக்கிறது. உயிரணுவைச் சுற்றி ஒரு சவ்வு உண்டு. அது கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு அடுக்குகளாக முதுகொட்டி நிற்கும் படலம். தடிமன் நான்கைந்து நானோமீட்டர். ஒரு தலைமயிரின் குறுக்களவில் பதினைந்தாயிரத்துக்கு மேற்பட்ட சவ்வுகளை அடுக்கலாம். இரட்டை அடுக்கு என்ற கருத்தை 1925-இல் நெதர்லாந்தின் கார்ட்டரும் கிரெண்டலும் முன்வைத்தார்கள். 1972-இல் சிங்கரும் நிக்கல்சனும் அதை ஒரு நீர்மப் பரப்பாக, அதில் புரதங்கள் மிதப்பதாக வரைந்து காட்டினார்கள். பள்ளிப் பாடநூல்களில் இன்றும் இருப்பது அந்தப் படம்தான்.

ஆனால், அந்தப் பரப்பு எங்கும் ஒரே சீரானதா? நம் வீட்டு அலமாரியிலேயே இதற்கு ஒரு விடை இருக்கிறது. மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடுகிறது. பக்கத்திலேயே இருக்கும் நல்லெண்ணெய் உறைவதில்லை. தேங்காய் எண்ணெயின் கொழுப்புச் சங்கிலிகள் நேரானவை. அருகருகே நெருங்கி அடுக்கிக்கொள்ளும். நல்லெண்ணெயின் சங்கிலிகளில் வளைவு உண்டு. அவை ஒன்றோடொன்று ஒட்டி நிற்க முடியாது. உயிரணுவின் சவ்வில் இருவகைச் சங்கிலிகளும் கலந்திருக்கின்றன. கூடவே கொலஸ்ட்ராலும் உண்டு. நேரானவை கொலஸ்ட்ராலைச் சேர்த்துக்கொண்டு ஓரிடத்தில் கூடினால், அங்கே சவ்வு சற்றுத் தடித்து, இறுகி நிற்கும். மற்ற இடங்களில் மெலிந்து தளர்ந்திருக்கும். ஏரியில் நீர் வற்றும்போது தலைகாட்டும் மணல் திட்டுகளை நினைத்துக்கொள்ளலாம். இவற்றைத் ‘திட்டுகள்’ என்றே இனி அழைக்கிறேன். 1997-இல் கை சைமன்ஸும் எலினா இகோனனும் இவற்றைத் தெப்பங்களாக உருவகித்து எழுதினார்கள்: சில புரதங்கள் இந்தத் தெப்பங்களில் ஏறிக்கொள்ளும், சில ஏறா; உயிரணு அதைக்கொண்டே தன் வேலைகளை ஒழுங்குபடுத்துகிறது என்பது அவர்கள் கருத்து.

மீனுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. சூழல் மாறினால் உயிர்கள் தம் சவ்வின் கொழுப்புக் கலவையையே மாற்றிக்கொள்கின்றன. குளிரில் வளைந்த சங்கிலிகளைக் கூட்டி, வெப்பத்தில் நேரானவற்றைக் கூட்டி, சவ்வின் இளக்கத்தை ஏறக்குறைய ஒரே அளவில் வைத்துக்கொள்கின்றன. இதை 1974-இல் சினென்ஸ்கி பாக்டீரியாவில் காட்டினார். மீன்களிலும் பின்னர் விரிவாக ஆராயப்பட்டது. உப்பைப் பொறுத்தவரை 2005-இல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிங்வுட், ஹாராஸ், பாலன்டைன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. மீன் கடல்நீருக்குப் பழகும்போது, செவுளின் சோடியம் பம்பு, கந்தகம் ஏறிய ஒருவகைக் கொழுப்பு செறிந்த திட்டுகளுக்குள் சேர்கிறது. அங்கே அதன் வேலை கூடுகிறது என்பது அவர்கள் கண்டது. பெரியவரின் கேள்விக்கு இதைக் கொண்டு பதில் சொன்னால் இப்படி வரும்: மீனிடம் பம்பு இருப்பது பாதி விடைதான், அந்தப் பம்பு நிற்கும் தரையையும் மீன் மாற்றிப் போட்டுக்கொள்கிறது.

தரையை மாற்ற நேரம் ஆகும். மணிக்கணக்கா, நாள்கணக்கா, வாரக்கணக்கா? ஏரியின் உப்பு அதைவிட வேகமாக மாறினால் மீன் என்ன விலை கொடுக்கிறது? முகத்துவாரம் திறந்திருக்கும்போது ஓதம் ஏறி இறங்கி, ஏரியின் உப்பைக் கடலின் அளவுக்கு அருகிலேயே இழுத்துப் பிடிக்கிறது. அடைபட்ட பிறகு அந்தப் பிடி விடுபடுகிறது. கோடை வெயிலோ பெருமழையோ உப்பை எந்தப் பக்கமும் தள்ளிவிடலாம். மேலே நான் மூன்றாவது காரணம் என்றது இதைத்தான். இதற்கு எண்களில் பதில் வேண்டுமானால் முதலில் அந்தத் திட்டுகளைப் பார்க்க முடிய வேண்டும். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

திட்டுகளின் அளவு சில பத்து நானோமீட்டர்கள். கண்ணுக்குப் புலப்படும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர் வரை. சாதாரண நுண்நோக்கியில் 200 நானோமீட்டருக்குக் குறைந்தவற்றைப் பிரித்துக் காண இயலாது. ஆகவே, தொடக்கக் காலத்தில் ஆய்வாளர்கள் ஒரு குறுக்குவழியைக் கையாண்டார்கள். குளிர்ந்த நிலையில் சவ்வின்மீது சவர்க்காரம் போன்ற ஒரு பொருளைச் சேர்ப்பார்கள். கரைந்தது போக மிஞ்சுவதைத் திட்டு என்பார்கள். இது கடும் கண்டனத்துக்கு ஆளாயிற்று. மிஞ்சியது முன்பே இருந்த திட்டா, சவர்க்காரமும் குளிரும் சேர்ந்து உண்டாக்கியதா என்று எப்படித் தெரியும்? மற்றொரு வழி, மூலக்கூறுகளில் ஒளிரும் சாயத்தை ஒட்டி, அவை ஒன்றையொன்று எவ்வளவு நெருங்கியிருக்கின்றன என்று அளப்பது. பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் ராஜத் வர்மாவும் சத்யஜித் மேயரும் 1998-இல் இவ்வழியில் செய்த ஆய்வு, உயிருள்ள சவ்விலேயே சில புரதங்கள் மிகச் சிறு குழுக்களாகக் கூடியிருப்பதைக் காட்டி உலகளாவிய கவனம் பெற்றது. ஆனால், சாயம் ஒட்டிய மூலக்கூறு தன் இயல்பில் இருக்குமா என்ற ஐயம் அம்முறையோடு கூடவே வரும்.

தொடாமல், கரைக்காமல், சாயம் ஏற்றாமல் பார்க்கும் வழி ஒன்று உண்டு. அதுதான் சிதறல்.

சிதறல் என்றதும் தமிழருக்கு நினைவுக்கு வருபவர் சி.வி. ராமன். 1921-இல் கப்பலில் மத்தியதரைக் கடலைக் கடந்தபோது, அதன் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு மட்டுமே என்ற விளக்கம் அவருக்கு ஒப்பவில்லை; நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்றார். அந்தத் தேடலின் தொடர்ச்சிதான் 1928 பிப்ரவரி 28 அன்று, வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனின் துணையோடு அவர் எட்டிய கண்டுபிடிப்பு. ராமன் விளைவில் சிதறிய ஒளியின் நிறம் மாறுகிறது. நாம் இங்கே பேசும் சிதறலில் நிறம், அதாவது ஆற்றல், மாறுவதில்லை. கதிர் எந்தக் கோணத்தில் விலகுகிறது என்பது மட்டுமே கணக்கு.

இரவில் துணிக்குடையை விரித்து, அதன் வழியே தொலைவில் உள்ள தெருவிளக்கைப் பாருங்கள். விளக்கைச் சுற்றிப் புள்ளிகளாக ஒளி விரிந்திருக்கும். துணியின் இழை எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு அகலமாகப் புள்ளிகள் விலகி நிற்கும். சிதறலின் அடிப்படை விதி முழுவதும் இதில் இருக்கிறது: பொருள் சிறியதானால் கோணம் பெரிதாகும், பொருள் பெரியதானால் கோணம் சிறிதாகும். நிலாவைச் சுற்றி மெல்லிய மேகத்தில் தெரியும் ஒளிவளையத்துக்கும் இதே கணக்குத்தான். வளையம் பெரிதென்றால் மேகத்துளிகள் சிறியவை. ஒளிக்குப் பதிலாக, ஒரு நானோமீட்டருக்கும் குறைந்த அலைநீளமுள்ள எக்ஸ் கதிரையோ நியூட்ரானையோ செலுத்தினால், சவ்வின் தடிமனும் திட்டின் அகலமும் கோணங்களாக மாறி, தொலைவில் உள்ள உணர்கருவியில் பதிவாகும். சில பத்து நானோமீட்டர் திட்டு என்றால் விலகும் கோணம் மிகச் சிறியது. இம்முறைக்குச் சிறுகோணச் சிதறல் என்று பெயர் வந்தது அதனால்தான்.

எக்ஸ் கதிர் எலெக்ட்ரான்களைக் கண்டு சிதறுகிறது. சவ்வுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்தால் அடுக்கின் இடைவெளியை அது துல்லியமாகச் சொல்லும். தடித்த திட்டுகள் அடுக்குதோறும் ஒன்றன்மேல் ஒன்று அமைந்தால், ஒரே மாதிரியில் இரண்டு இடைவெளிகள் பதிவாகும். இருவகைப் பகுதிகள் உள்ளன என்பதற்கு அது சாட்சி. இத்துறையில் பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்துக்கு ஒரு தொடர் மரபு இருக்கிறது. கொழுப்புச் சவ்வு இயற்பியலாளர் கண்ணுக்கு ஒரு திரவப் படிகம். எஸ். சந்திரசேகர் 1977-இல் தட்டு வடிவ மூலக்கூறுகளின் திரவப் படிகத்தைக் கண்டறிந்தது அங்கேதான். அங்கேயே வி.ஏ. ரகுநாதனும் சனத் கர்மாகரும் 2003-இல், கொலஸ்ட்ரால் கலந்த சவ்வுகள் அலையலையாக நெளியும் ஒரு புதிய நிலையை எக்ஸ் கதிர்ச் சிதறலால் காட்டினார்கள்.

ஆனால், எக்ஸ் கதிருக்கு ஒரு குறை உண்டு. இருவகைக் கொழுப்புகளும் கார்பனாலும் ஹைட்ரஜனாலும் ஆனவை. எலெக்ட்ரான் அடர்த்தியில் வேறுபாடு மிகக் குறைவு. தனித்தனிச் சவ்வுக் குமிழ்கள் நீரில் மிதக்கும்போது திட்டையும் அதன் சுற்றுப்புறத்தையும் பிரித்தறிவது கடினம். நியூட்ரான் இங்கே வேறு விதமாக நடந்துகொள்கிறது. அது அணுவின் கருவைப் பார்க்கிறது. சாதாரண ஹைட்ரஜனும் அதன் கனமான உடன்பிறப்பான டியூட்டீரியமும் வேதியியலில் ஏறக்குறைய ஒன்றே. எக்ஸ் கதிருக்கும் ஒன்றே. நியூட்ரானுக்கோ அவை எதிரெதிர். சிதறல் வலிமையைக் குறிக்கும் எண் ஹைட்ரஜனுக்குக் கழித்தல் 3.74, டியூட்டீரியத்துக்குக் கூட்டல் 6.67. குறியே மாறிவிடுகிறது. இயற்கை தந்த இந்த விந்தை இல்லையென்றால், சவ்வுத் திட்டுகளைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி தெரிந்திருக்காது.

இதைப் பயன்படுத்தும் உத்தி மிக எளிமையானது. எனக்கு மிகவும் பிடித்ததும்கூட. பைரக்ஸ் கண்ணாடிக் குச்சியைச் சமையல் எண்ணெயில் அமிழ்த்தினால் குச்சி மறைந்துவிடும். இரண்டின் ஒளிவிலகல் எண்ணும் ஏறக்குறைய ஒன்று. அதேபோல், சாதாரண நீரையும் கனநீரையும் தகுந்த அளவில் கலந்தால், நியூட்ரான் கண்ணுக்குச் சவ்வையே மறைத்துவிடலாம். இப்போது, நேரான சங்கிலிகள் கொண்ட கொழுப்பில் மட்டும் ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியத்தை வைத்துச் சவ்வைத் தயாரிக்கிறோம். இரண்டு கொழுப்புகளும் சமமாகக் கலந்திருக்கும்போது அவற்றின் சராசரி எதுவோ, அதற்குச் சரியாக நீரைக் கலந்துவைக்கிறோம். சாம்பல் நிறத் தரையில் எள்ளையும் அரிசியையும் நன்றாகக் கலந்து பரப்பிவிட்டுத் தொலைவிலிருந்து பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். தரையும் கலவையும் ஒரே சாம்பல், எதுவும் தெரியாது. எள் ஒரு பக்கமும் அரிசி ஒரு பக்கமும் கூடத் தொடங்கினால் உடனே கறுப்பும் வெள்ளையுமாகத் திட்டுகள் கண்ணில் படும். ஆய்வகத்திலும் அதுவே நடக்கிறது. வெப்பநிலை கூடுதலாக இருக்கும்போது உணர்கருவியில் ஏறக்குறைய ஒன்றும் பதிவாகாது. மெல்லக் குளிர்விக்கிறோம். ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே சிறு கோணங்களில் நியூட்ரான்கள் வந்து விழத் தொடங்குகின்றன. திட்டுகள் உருவாகிவிட்டன. அந்தச் சிதறல் கோணத்துக்குக் கோணம் எப்படிக் குறைகிறது என்பதிலிருந்து திட்டின் ஆரம் வெளிப்படுகிறது.

அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் ஃப்ரெடெரிக் ஹெபர்லே, ஜான் கட்சாரஸ் முதலியோர் 2013-இல் இவ்வாறு அளந்தார்கள். (கட்சாரஸ் நமக்குப் புதியவர் அல்லர், ரகுநாதனோடு இணைந்து 1995-இலேயே கொழுப்பு அடுக்குகளின் அமைப்பை ஆராய்ந்தவர்.) திட்டின் ஆரம் ஏறத்தாழ 7 நானோமீட்டரிலிருந்து 16 நானோமீட்டர் வரை மாறுவதையும், திட்டுக்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள தடிமன் வேறுபாடு கூடக்கூடத் திட்டும் பெரிதாவதையும் அவர்கள் கண்டார்கள். காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. தடித்த பகுதியும் மெலிந்த பகுதியும் சந்திக்கும் விளிம்பில் கொழுப்பின் எண்ணெய்ப் பகுதி நீருக்கு வெளிப்பட நேரும். அது ஆற்றல் செலவு. விளிம்பைக் குறைக்கச் சிறு திட்டுகள் கூடிப் பெரிதாகின்றன. இவை செயற்கைச் சவ்வுகள் அல்லவா என்ற கேள்விக்கு 2017-இல் பதில் வந்தது. பேசில்லஸ் சப்டிலிஸ் என்னும் பாக்டீரியாவுக்குக் கொழுப்பு அமிலங்களைத் தானே தயாரிக்க முடியாமல் செய்து, டியூட்டீரியத்தின் அளவு திட்டமிட்டுச் சரிசெய்யப்பட்ட அமிலங்களை ஊட்டி, உயிரோடு இருக்கும்போதே நியூட்ரான் கற்றையில் வைத்தார்கள். 40 நானோமீட்டருக்குக் குறைவான திட்டுகள் அதன் சவ்வில் இருப்பதற்கான சான்று கிடைத்தது.

இம்முறையின் எல்லைகளையும் சொல்லிவிட வேண்டும். சிதறல் படம் எடுப்பதில்லை. கோடிக்கணக்கான குமிழ்களின் சராசரியைத் தருகிறது. அந்த வளைகோட்டிலிருந்து திட்டின் வடிவத்தை மீட்டெடுக்க ஒரு கணித மாதிரி வேண்டும். மாதிரி தவறினால் விடையும் தவறும். நியூட்ரான்கள் எக்ஸ் கதிரைப் போல் தாராளமாகக் கிடைப்பவையும் அல்ல. ஓர் அளவீட்டுக்கு மணிக்கணக்கில் ஆகலாம். அணு உலையோ பெரிய முடுக்கியோ இல்லாத இடத்தில் இதைச் செய்ய வழியில்லை.

அந்த வசதிகள் நம் நாட்டில் இருக்கின்றன என்பதே இதை நான் எழுதுவதற்குக் காரணம். நியூட்ரான் சிதறலுக்கு 1994-இல் நோபல் பரிசு பெற்ற பிராக்ஹவுஸோடு கனடாவில் பணியாற்றித் திரும்பிய பி.கே. ஐயங்கார், 1956-இல் இயங்கத் தொடங்கிய அப்சரா உலையிலேயே இந்தத் துறையை இங்கே தொடங்கிவிட்டார். இன்று டிராம்பேயில் 1985 முதல் இருக்கும் 100 மெகாவாட் துருவா உலையில் சிறுகோண நியூட்ரான் சிதறல் கருவி உண்டு. பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு அங்கே நேரம் ஒதுக்கித்தர, பல்கலைக்கழக மானியக் குழுவும் அணுசக்தித் துறையும் சேர்ந்த கூட்டமைப்பு ஒன்று இயங்குகிறது. இந்தூரில் உள்ள இந்துஸ்-2 ஒளிமூலத்தில் சிறுகோண எக்ஸ் கதிர்ச் சிதறலுக்கென்றே ஒரு கதிர்வழி இருக்கிறது. கனநீருக்கு நாம் எங்கும் போக வேண்டாம். இயற்கை நீரில் உள்ள ஹைட்ரஜன் அணுக்களில் ஆறாயிரத்துச் சொச்சத்துக்கு ஒன்றுதான் டியூட்டீரியம். அதைப் பிரித்துச் சேர்க்கும் ஆலை 1978-இல் தூத்துக்குடியில், உரத் தொழிற்சாலையின் அருகில் அமைந்தது. கல்பாக்கத்தின் மின்நிலைய உலைகள் கனநீரைக் கொண்டுதான் இயங்குகின்றன. உலகில் கனநீரைப் பேரளவில் உற்பத்தி செய்யும் நாடுகளில் இந்தியா முன்னணியில் நிற்கிறது.

மறுபுறம், மீன் பற்றிய அறிவும் பக்கத்திலேயே இருக்கிறது. பழவேற்காட்டுக்குச் செல்லும் வழியில் உள்ள பொன்னேரியில் டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரி இருக்கிறது. சென்னையில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் இருக்கிறது. கொடுவாயைச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்யவைத்துக் காட்டிய நிறுவனம் அது. நியூட்ரான் அணுசக்தித் துறையின் கீழ் வருகிறது. மீன் வேறு அமைச்சகங்களின் கீழ் வருகிறது. இரண்டு துறைகளும் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

செய்ய வேண்டிய வேலை மலைப்பானதல்ல. பழவேற்காட்டில் ஆண்டில் மூன்று பருவங்களில், அதாவது மழை முடிந்ததும், மாசியிலும், கோடையின் உச்சத்திலும், மடவையின் செவுளை எடுத்து, அதன் சவ்வுக் கொழுப்பைப் பிரித்து, அதையே குமிழ்களாகவும் அடுக்குகளாகவும் மறுபடி உருவாக்க வேண்டும். ஏரியில் பிடித்த மீனின் கொழுப்பில் டியூட்டீரியம் இருக்காது. அதனால் முதலில் எக்ஸ் கதிர் கொண்டு இரண்டு இடைவெளிகள் தெரிகின்றனவா என்று பார்க்கலாம். பிறகு டியூட்டீரியம் ஏற்றிய கொழுப்பைச் சிறிதளவு கலந்து நியூட்ரானில் வைக்கலாம். எந்த வெப்பநிலையில் திட்டுகள் கலைகின்றன, பருவத்துக்குப் பருவம் அந்த வெப்பநிலை நகர்கிறதா என்பதுதான் கேள்வி. இதோடு, தொட்டியில் வளர்க்கும் மீனை ஒரே நாளில் நன்னீரிலிருந்து உவர்நீருக்கு மாற்றி, நாள்தோறும் செவுளைச் சோதித்தால், மீன் தன் தரையை மாற்றிப் போட எத்தனை நாள் எடுத்துக்கொள்கிறது என்பது எண்ணாகக் கிடைக்கும். அந்த எண்ணை முகத்துவாரம் அடைபட்ட காலத்தில் ஏரியின் உப்பு ஏறும் வேகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். உவர்நீர்க் குளங்களில் மீன் வளர்ப்பவர்களுக்கும் அது பயன்படும்; குஞ்சுகளை எவ்வளவு மெதுவாகப் பழக்க வேண்டும் என்பதை இப்போது பெரும்பாலும் அனுபவத்தைக் கொண்டே முடிவு செய்கிறார்கள்.

இதைச் சாக்காக வைத்து முகத்துவாரப் பணியை யாரும் தள்ளிப்போட வேண்டியதில்லை. இறால் குஞ்சு உள்ளே வர வழி வேண்டும் என்பதற்கு நியூட்ரான் சாட்சி தேவையில்லை. ஆனால், ஏரி ஆண்டில் எத்தனை நாள் அடைபட்டிருந்தால் மீன் தாங்கும் என்ற விவாதம் ஒருநாள் அரசு அலுவலகத்திலோ நீதிமன்றத்திலோ வரும். அப்போது குப்பத்து மக்கள் சொல்லும் அனுபவத்தை ‘ஆதாரம் இல்லை’ என்று ஒதுக்கிவிடுவது எளிது. அளந்து வைத்த எண்ணை அப்படி ஒதுக்க முடியாது.

மாதிரி சேகரிப்பதில் செலவும் அதிகமில்லை. மீன் வெட்டித் தரும் பெண்கள் செவுளை எப்படியும் கழித்துப் போடுகிறார்கள். கொழுப்பு கெட்டுப்போகாமல் இருக்க, வலையிலிருந்து எடுத்த உடனே அதைக் கடுங்குளிரில் உறையவைக்க வேண்டும். பாட்டு முறையில் ஒவ்வொரு நாளும் யார் எந்த இடத்தில் வலை கட்டினார் என்பது ஊருக்கே தெரியும் என்பதால், எந்த மீன் எங்கே அகப்பட்டது என்பதில் குழப்பம் வராது. உறைகலன், உப்புமானி, வெப்பமானி மூன்றும் கோட்டைக்குப்பத்துக் கரைக்கு வந்தால் அடுத்த மழைக்காலத்திலேயே தொடங்கிவிடலாம்.